முந்திரித் தோப்புக் கிளியின் பத்தியம்

கயல், பரணி, இதைப் படித்து முடிக்கிறவரை இரண்டு பேரும் போனைக் கீழே வையுங்கள்.

கடையை உங்களிடம் விட்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பரணி தீவன டப்பாக்களை அடுக்குகிற அழகு எனக்கு வராது. எந்தத் தீனியில் எந்தச் சத்து என்பது கயலுக்கு மனப்பாடம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்த விஷயத்தில் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் போன வாரம் கடைக்கு வந்திருந்தபோது ஒன்று நடந்தது. ஒரு அம்மா வந்து, "எங்க கிளி புதுத் தீனியத் தொடவே மாட்டேங்குதுப்பா" என்றார். பரணி, நீ தலையைக்கூடத் தூக்காமல், "பழைய தீனிய நிறுத்திடுங்கக்கா, பசிச்சாத் தன்னால தின்னுடும்" என்றாய். அந்த அம்மாவும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் செருப்பைக்கூட மாட்டாமல் அவர் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினேன். "அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று நீங்கள் சிரித்தீர்கள். ஏன் ஓடினேன் என்று இப்போது சொல்கிறேன்.

செந்துறைப் பக்கத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கிற சிங்காரவேலு ஐயாவை உங்களுக்குத் தெரியும். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். அவர் முதல் தடவை நம் கடைக்கு வந்தபோது நீங்கள் காலேஜில் இருந்தீர்கள். ஒரு கூண்டை வேட்டியால் மூடி, செந்துறையிலிருந்து அரியலூர், அரியலூரிலிருந்து பெரம்பலூர் என்று இரண்டு பஸ் மாறி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். உள்ளே ஒரு சாம்பல் நிறக் கிளி. ஆப்பிரிக்க ஜாதி, வால் மட்டும் சிவப்பு. அவருடைய மகள் கல்யாணத்துக்கு முன்பு ஆசையாக வாங்கி, பதிவுக் காகிதமெல்லாம் ஒழுங்காக எடுத்து வைத்துவிட்டு, கோயம்புத்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். கிளியின் பெயர் சின்னப்பொண்ணு.

வேட்டியை விலக்கியதும் அது என்னைப் பார்த்து, அசல் ஒரு பொம்பளைக் குரலில், "ஏங்க, மாத்திர போட்டீங்களா?" என்றது.

"என் வூட்டுக்காரி கொரலு அது," என்றார் ஐயா. "எனக்குச் சக்கர. அவ தெனம் கேப்பா, இது புடிச்சுக்கிச்சு. பஸ்ஸுல வழி நெடுக இதே கேள்விதான். கடைசில கண்டக்டரே 'போட்டாச்சு தாயி'ன்னுட்டாரு."

நான் சிரித்து முடிப்பதற்குள் கிளி தடுமாறிக் கம்பிலிருந்து கூண்டின் அடியில் பொத்தென்று விழுந்தது. சிறகைப் போட்டு அடித்துக்கொண்டு எழுந்தது. ஐயாவின் குரல் இறங்கிவிட்டது.

"ரெண்டு நாளா இப்புடித்தான் கடக்காரரே. நிக்க முடியல."

"என்னங்க ஐயா சாப்புடுது?"

"நல்ல சாப்பாடுதான். முந்திரி."

"வேற?"

"வறுத்த முந்திரி."

"அதத் தவிர?"

"சூரியகாந்தி வெத கொஞ்சம். யாவாரிங்க வந்தா மிச்சரு குடுப்பாங்க."

பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. முந்திரி பார்க்க வியாபாரி வந்தால், ஐயா மூட்டையிலிருந்து நாலு கொட்டை எடுத்து, சுட்டு உடைத்து, முதல் பருப்பைச் சின்னப்பொண்ணுக்குத்தான் கொடுப்பார். அது தலையை ஆட்டிக்கொண்டு தின்னும். "பாத்தீங்களா, அதுவே சொல்லிடுச்சு" என்பார் ஐயா. வியாபாரிகளுக்கும் அதில் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. கிளி வாய் வைக்காத மூட்டையை விலை பேசவே யோசித்தார்களாம். சீசன் முழுக்க எத்தனை வியாபாரி, எத்தனை மூட்டை! ருசி பார்க்கிற உத்தியோகத்திலேயே அந்தப் பறவை ஊதிப்போயிருந்தது. தொட்டுப் பார்த்தேன். நெஞ்செலும்பு கையில் தட்டவில்லை, அவ்வளவு கொழுப்பு. இறகில் மினுமினுப்பே இல்லை.

இங்கே ஒன்று கவனியுங்கள். கம்பிலிருந்து விழுகிற பறவைக்கு நம் கடையில் மருந்து கிடையாது. அன்றைக்கு ஒரு பாக்கெட் தீனியை விற்று அவரை அனுப்பியிருக்கலாம், அவரும் சந்தோஷமாகப் போயிருப்பார். நான் திருச்சியில் பறவை பார்க்கிற டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்து, அப்படியே அடுத்த பஸ் ஏற்றிவிட்டேன். 'இது நம்ம வேலை இல்லை' என்று தெரிவதும் நம் வேலைதான்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு அவரிடம் சொன்னது இது: "ஈரல்ல கொழுப்பு ஏறியிருக்கு. உடம்புல சுண்ணாம்புச் சத்து இல்ல, அதனாலதான் விழுது. ஊசி மருந்து நான் குடுக்கறேன். ஆனா சாப்பாடு மாறலன்னா ரொம்ப நாள் தாங்காது. பெல்லட்டுன்னு உருண்டைத் தீனி வருது, பாதிக்கு மேல அது. மிச்சம் காய், கீரை. பழம் கொஞ்சூண்டு. கொட்டையும் விதையும் எப்பவாவது ஆசைக்கு. காலையில இள வெயில்ல கொஞ்ச நேரம் வைங்க. எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க."

ஐயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், கடைசி வார்த்தையைத் தவிர.

அவர் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். வீட்டுக்குப் போன அன்றே கூண்டில் இருந்த விதையைக் கொட்டிவிட்டார். முந்திரியை எடுத்துப் பூட்டினார். தட்டு நிறையப் பெல்லட், கேரட், முருங்கைக்கீரை என்று வைத்துவிட்டு, "இனிமே இதுதான் சாப்பாடு" என்று கிளியிடமே அறிவித்தாராம்.

மறுநாள் மத்தியானம் அவருடைய மனைவி தனம் அம்மாவிடமிருந்து போன்.

"தம்பி, நேத்துலேர்ந்து ஒரு வாய் தொடல. தட்டத் தூக்கி எறியுது. இப்ப அதுவும் இல்ல, மூலையில போயி உக்காந்துடுச்சு. பேச்சும் இல்ல."

பின்னால் ஐயாவின் குரல் கேட்டது: "பசிச்சாத் தன்னால திங்கும்னு சொல்லு!"

"நீங்க ஒரு வேள பட்டினி கெடந்து காட்டுங்க, அப்பறம் பேசுங்க!" என்று தனம் அம்மா அவரிடம் திரும்பிக் கத்தியதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பரணி, நீ அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை. பிள்ளைகளுக்கு அது பொருந்தலாம். நீயே சின்ன வயதில் உப்புமாவைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிவிட்டு, பிறகு திரும்பி வந்து தின்றிருக்கிறாய். கிளி அப்படி இல்லை. முந்திரியும் விதையும் மட்டுமே தின்று வளர்ந்த கிளிக்குக் கேரட் சாப்பாடு என்றே தெரியாது. கூண்டுக்குள் யாரோ கட்டையைப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கும். பக்கத்திலேயே சாப்பாட்டை வைத்துக்கொண்டு பட்டினியில் செத்துப்போகும். அதுவும் ஈரல் கெட்ட பறவை என்றால் சீக்கிரமே முடிந்துவிடும்.

கடையைச் சாத்தினேன். சின்னத் தராசையும், அது வழக்கமாகத் தின்கிற விதையில் ஒரு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோதே டாக்டரம்மாவிடம் பேசிவிட்டேன். "அதுக்குத் தெரிஞ்ச சாப்பாட்ட உடனே குடுங்க. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடலன்னா ராத்திரின்னு பாக்காம தூக்கிட்டு வந்துடுங்க" என்றார்.

போய்ப் பார்த்தால், சின்னப்பொண்ணு இறகையெல்லாம் உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பந்து மாதிரி உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து மாத்திரை போட்டாயா என்று கேட்கவில்லை. கீழே விரித்த பேப்பரைப் பார்த்தேன். எச்சம் துளித்துளியாக, கரும்பச்சையாக இருந்தது. அது வயிற்றில் ஒன்றும் இல்லை என்பதற்கு அடையாளம். தராசில் வைத்தேன். திருச்சியில் எடுத்த எடையைவிட நன்றாகவே இறங்கியிருந்தது.

நான் விதைப் பொட்டலத்தைப் பிரித்ததும் ஐயா வந்து கூண்டுக் கதவின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"என்ன கடக்காரரே இது? வெத ஆகாதுன்னு டாக்டரம்மாதான சொன்னாங்க? அவ்ளோ தூரம் போயி ஊசி போட்டுட்டு வந்து, மறுபடி அதே வெதயா?"

"ஐயா, மொதல்ல அது வயித்துக்கு ஏதாவது போவணும்."

"இன்னும் ஒரு பொழுது பாக்கலாம். நான் வுட்டுக் குடுத்தா அது செயிச்சுடும்."

"அதுக்குச் செயிக்கறது தோக்கறதெல்லாம் தெரியாதுங்க. பசி ஒண்ணுதான் தெரியும்."

கையை எடுக்கவில்லை. தனம் அம்மா அவர் பக்கத்தில் வந்து நின்று மெதுவாக, "விசயத்தச் சொல்லுங்களேன் தம்பிகிட்ட" என்றார்.

ஐயா என்னைப் பார்க்காமல் கூண்டைப் பார்த்தே பேசினார். "அடுத்த மாசம் பொண்ணு பிரசவத்துக்கு வர்றா தம்பி. தலைப் பிரசவம். தெனம் போன்ல மொதல்ல கிளியத்தான் காட்டச் சொல்லுவா. ரெண்டு நாளா நெட்டு கெடைக்கலன்னு பொய் சொல்லிக்கிட்டிருக்கோம். அவ வந்து வாசப்படி ஏறயில கூண்டு காலியா இருந்தா நான் என்னன்னு சொல்லுவேன்? இத எப்பாடுபட்டாவது தேத்திப்புடணும்னுதான்..."

அவருடைய பிடிவாதம் முழுக்கப் பயம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கடைக்கு வந்து சத்தம் போடுகிறவர்கள் நிறையப் பேர் இப்படித்தான். சத்தத்துக்குப் பதில் சொல்லாதீர்கள், பயத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

"ஐயா, உங்க பொண்ணு வர்றப்ப இது உசுரோட இருக்கணும். எளச்சு இருக்கணுங்கறது அதுக்கு அப்பறம். கைய எடுங்க."

எடுத்துவிட்டார்.

விதையை வைத்துவிட்டு மூன்று பேரும் வெளியே போய் உட்கார்ந்தோம். நாம் எதிரில் நின்று கண்கொட்டாமல் பார்த்தால் பயந்த பறவை தின்னாது. தோப்பில் எங்கேயோ ஆடு கத்தியது. ரொம்ப நேரம் கழித்து உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். விதை ஓடு உடைகிற சத்தம். பிறகு இன்னொன்று. இத்தனை வருஷத் தொழிலில் அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. தனம் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வாங்க தம்பி, சாப்புடலாம்" என்றார்.

பறவை தின்ன ஆரம்பித்துவிட்டது. ஆனால் பழைய இடத்துக்கே வந்துவிட்டோம். விதையிலேயே விட்டால் இன்னொரு மாதத்தில் மறுபடியும் கம்பிலிருந்து விழும். என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டேதான் சாப்பிட உட்கார்ந்தேன். வழி அந்த இலையிலேயே இருந்தது.

ஐயா இலையில் சோறு, கத்திரிக்காய்ப் பொரியல், முருங்கைக்கீரை, அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல். அவர் பொரியலையும் கீரையையும் பதவிசாக ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு வறுவலை எடுத்தார். உடனே கூண்டிலிருந்து சின்னப்பொண்ணு கழுத்தை நீட்டியது. அப்பளத்தை எடுத்தார், இன்னும் நீட்டியது. நான் என் இலையில் அப்பளத்தை எடுத்தபோது அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கிளிக்கு எது சாப்பாடு என்று காட்டுகிறவர் அந்த வீட்டில் ஒருத்தர்தான். காட்டில் ஒரு கிளி எதைத் தின்கிறதோ அதைப் பார்த்துத்தான் மற்றதும் தின்னும். இங்கே இதனுடைய கூட்டம் சிங்காரவேலு ஐயா.

"ஐயா," என்றேன், "தட்டுல என்ன வெச்சாலும் இது தொடாது. நீங்க எதச் சாப்புடறீங்களோ அதத்தான் சாப்புடும்."

தனம் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "அப்பன்னா அது பொழைக்காது தம்பி! கீரைய இவரு கல்யாணத்தன்னிக்கே ஒதுக்குனவரு. சக்கர டாக்டரு சொல்லி, நான் சொல்லி, பொண்ணு சொல்லி நடக்கல. கிளி சொல்லியா நடக்கும்?"

"ஏன், நடக்காதா?" என்றார் ஐயா, மீசையைத் தடவிக்கொண்டு. அந்த ரோஷம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து தினமும் காலையில், கிளி பசியோடு இருக்கிற நேரத்தில், கூண்டுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு கிண்ணம். உப்புப் போடாமல் அவித்த சோளம், கேரட், பூசணித் துண்டு, ஆய்ந்த முருங்கைக்கீரை. கிளி பார்க்கப் பார்க்க அவர் மென்று தின்ன வேண்டும், தின்று "ஆகா" என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் அளவாக விதை, ஒவ்வொரு வாரமும் அதையும் கொஞ்சம் குறைத்து. நான் விட்டுவந்த தராசில் தினமும் எடை பார்த்து எனக்குப் போன் செய்ய வேண்டும். எடை சட்டென்று இறங்கினால் அன்றைக்கு விதையைக் கூட்டிவிட வேண்டும். இதைத்தான் அன்று அவரிடம் எழுதி வைக்காத ஒப்பந்தமாகப் பேசிக்கொண்டோம்.

முதல் சில நாள் போனில் வந்ததெல்லாம் புலம்பல்.

"கேரட்டு மாட்டுக்குப் போடறது கடக்காரரே."

"கிளி பாக்குதா ஐயா?"

"பாக்குது. பாவம்னு பாக்குது."

வியாபாரிகள் வந்தால் முந்திரிப் பருப்போடு கூண்டுப் பக்கம் போகாதபடி தனம் அம்மா குறுக்கே நின்றாராம். ஒரு வியாபாரி, "கிளி ருசி பாக்காம நான் எப்புடி வாங்கறது?" என்று இழுத்திருக்கிறார். "அது லீவுல இருக்கு. நீங்களே தின்னு பாருங்க" என்று தனம் அம்மா அவர் வாயில் பருப்பைப் போட்டு அனுப்பிவிட்டாராம்.

ஒருநாள் ஐயா அவித்த சோளத்தை உதிர்த்துத் தின்றுகொண்டிருந்தபோது சின்னப்பொண்ணு கம்பி வழியாக அவர் விரலைக் கொத்தியதாம். கொடுத்தாராம். தின்றுவிட்டதாம். போனில் அவர் சொன்ன சத்தத்துக்கு நான் போனைக் காதிலிருந்து தூரமாகப் பிடிக்க வேண்டியிருந்தது. சோளத்துக்குப் பிறகு பூசணி, அப்புறம் கீரைக்காம்பு. காம்பைக் காலில் பிடித்துக்கொண்டு உரிப்பது அதற்கு ஒரு விளையாட்டாகிவிட்டது.

பெல்லட் மட்டும் நடக்கவில்லை. அதுதான் முக்கியம். மனிதன் தின்கிற பொருள் இல்லையே அது, எப்படித் தின்று காட்டுவது? சோளத்தோடு கலந்து பார்த்தோம், பொறுக்கித் தூர எறிந்தது. பொடித்துத் தூவிப் பார்த்தோம், உதறிவிட்டது. என்ன செய்வது என்று நேரில் பார்க்கலாமென்று மறுபடியும் போனேன். மகள் வருவதற்குச் சில நாள்தான் இருந்தது.

ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தட்டில் பெல்லட் அப்படியே இருந்தது. பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன உருண்டை. நான் ஏதேதோ யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்தார், கிளிக்கு நேராகத் தூக்கிக் காட்டினார், தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயா, வேணாம்—"

கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு மென்றார். நறநறவென்று கேட்டது. மீசை மேலும் கீழும் போனது. கண் கலங்கியது. விழுங்கிவிட்டு, எச்சில் படாத இன்னொரு கையால் அடுத்த உருண்டையை எடுத்தார்.

சின்னப்பொண்ணு தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. பிறகு, எவ்வளவோ நாள் கழித்து, தெளிவாகக் கேட்டது: "ஏங்க, மாத்திர போட்டீங்களா?"

தனம் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை.

"போட்டேன் தாயி. இந்தா, நீயும் போட்டுக்க."

கம்பி வழியாக நீட்டினார். வாங்கி, கீழே போட்டது. இன்னொன்று நீட்டினார். வாங்கி, அலகில் உருட்டி, பாதியாக உடைத்தது. ஒரு பாதி விழுந்தது. மறு பாதி உள்ளே போனது. அவர் உடனே இன்னொன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டார், அது மறக்கும் முன்பு.

மகள் வந்தபோது கிளி கம்பில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அவள் குரலைக் கேட்டதும் கூண்டு முழுக்கத் தாவியதாம். பிறகு திருச்சியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, நெஞ்செலும்பு இப்போது விரலில் தட்டுகிறது என்று சொன்னார். ஐயாவின் சர்க்கரையும் இறங்கியிருந்தது. அதைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் பேசுவதில்லை.

அதனால் பிள்ளைகளே, "பசிச்சாத் தின்னும்" என்று இனி நம் கடையில் யாரும் சொல்லக் கூடாது. நல்ல தீனி எது என்று சொல்வது சுலபம், பாக்கெட் மேலேயே அச்சடித்திருக்கிறது. இப்போது என்ன தின்கிறது, யார் கையால் தின்கிறது, அந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று கேளுங்கள். பழையதைப் பிடுங்காமல் புதியதைப் பக்கத்தில் வையுங்கள். எடை பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் அனுப்புங்கள். வந்தவர் அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

அந்தப் பெல்லட் நாளன்று நான் பெரம்பலூர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்கிற நேரம். கடையைப் பாதி திறந்து உள்ளே போனேன். யாரும் இல்லை. இத்தனை வருஷமாக எத்தனையோ பேருக்கு "நல்லாருக்கும், கிளி விரும்பித் தின்னும்" என்று அள்ளிக் கொடுத்த டப்பாவைத் திறந்து, ஒரே ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டு மென்றேன். உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. மழையில் நனைந்து காய்ந்த பிஸ்கட் மாதிரி இருந்தது. துப்பவில்லை. கடைசிவரை மென்று விழுங்கினேன், செம்பிலிருந்த தண்ணீரைக் குடித்தேன், ஷட்டரை இழுத்துப் பூட்டினேன்.